பெயர் தெரியாத கைதியின் குர்த்தா

அந்த உடையைத் தைக்க ஒப்புக்கொண்ட நாளில், அதைப் போட்டுக்கொண்டு நிற்கப்போவதும் தான்தான் என்று சித்ராவுக்குத் தெரியாது.

அந்தமானின் போர்ட் பிளேரில், டெலானிபூர் மேட்டில் பழைய வீடொன்றில் சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்ன சமைத்தார்கள், எதில் படுத்தார்கள், எதை உடுத்தினார்கள் என்று காட்டுகிற இடம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஹரிஹரன் நடத்துகிறார். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் கொட்டாவி விடுவதைக் கவனித்த அவர், கைதிப் பெண்ணின் உடையில் ஒருவர் நின்று பேசினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். உடை தைக்க, லம்பா லைன் பகுதியில் பள்ளிச் சீருடை தைக்கும் சித்ராவைத் தேடிப் போனார்.

சித்ரா பிறந்தது நிக்கோபாரின் கச்சால் தீவில். அப்பா வெள்ளைச்சாமி இலங்கை மலையகத்திலிருந்து வந்து அங்கே ரப்பர் பால் வெட்டியவர். சுனாமி வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வீடும் போனது, அப்பாவும் போனார். நிவாரண முகாமின் தகரக் கொட்டகையில், பன்னிரண்டு பெண்களுக்குப் பொதுவாக வைத்த ஒரே மெஷினில் தையல் பழகினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சுரேந்திரனைக் கட்டிக்கொண்ட பிறகு போர்ட் பிளேருக்கு வந்தாள்.

ஹரிஹரன் பெரிதாக்கிய பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார். முழங்கால்வரை குர்த்தா, கீழே பாவாடை, தலையில் முக்காடு, கழுத்தில் தொங்கும் மரவில்லை. வில்லையில் எண் மட்டும் தெரிந்தது. பெயர் எங்கும் இல்லை.

“மெஷின்ல தச்சாப் போதுமா சேர்?”

“போதும்மா. பார்க்கிறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

“கிட்ட வந்து பாத்தா தெரியும் சேர். அந்தக் காலத்துல கையாலதானே தச்சிருப்பாங்க. நானும் கையாலயே தச்சுத் தாறேன்.”

காடாத் துணி வாங்கி, இரண்டு முறை துவைத்துச் சுருங்கவிட்டு வெட்டினாள். முதல் குர்த்தா, கையைத் தூக்கியதும் கக்கத்தில் கிழிந்தது. படத்தை ஜன்னலோரம் வைத்து மறுபடி பார்த்தாள். கக்கத்தில் மடிப்பு விழுந்திருந்த விதத்தைப் பார்த்தால், அங்கே சதுரமாக ஒரு துண்டு ஒட்டுப்போட்டிருக்க வேண்டும். வேலை செய்கிற பெண் கையைத் தூக்கத்தானே வேண்டும்? பிரித்து, சதுரத் துண்டு வைத்துத் தைத்தாள். பன்னிரண்டு நாள் ஆனது.

அதை உடுத்துவதற்காக ஏற்பாடு செய்திருந்த கல்லூரிப் பெண் ப்ரியங்கா, கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டாள்.

“சாரி சார். இத போட்டுட்டு ஜெயில் கைதின்னு நின்னா, எங்க காலேஜ்ல என்னை அப்படியே கூப்பிடுவாங்க.”

வாசலில் சுற்றுலாப் பயணிகளின் பேருந்து வந்து நின்றது. ஹரிஹரன் சித்ராவைப் பார்த்தார். “இன்னிக்கு ஒரு நாள் மட்டும்” என்றார். அளவு அவளுக்குச் சரியாக இருந்தது.

தமிழும் இந்தியும் அவளுக்குத் தடையில்லாமல் வரும் என்பதால், அந்த ஒரு நாள் தினமும் ஆனது. கூச்சம் மூன்று நாளில் போய்விட்டது. ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “நீ என்ன தப்பு பண்ணிட்டு வந்தே?” தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிப்போனது. ஒருநாள் விளையாட்டாக, “புருஷனுக்குச் சோத்துல விஷம் வச்சிட்டேன்” என்றாள். கூட்டம் சிரித்தது, அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. அதன்பிறகு தினமும் அதையே சொன்னாள். என்ன விஷம், புருஷன் எப்படி விழுந்தான் என்று கதை வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமில்லை. ஹரிஹரனுக்கும் சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து ஒரு மழைநாளில், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி வந்தாள். பெயர் மெஹருன்னிசா, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள், துறைமுகத்துக்கு அக்கரையில் பாம்பூஃபிளாட்டில் வீடு. கூட்டத்தின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு இந்தியில் கேட்டாள்: “இந்தப் பொம்பளை விஷம் வச்சான்னு உனக்கு யார் சொன்னது?”

சித்ரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என் பாட்டியோட அம்மாவும் இப்படித்தான் கப்பல்ல வந்தாங்க. என்ன வழக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம். ஸ்கூல்ல எங்களைக் கொலைகாரி பேத்தின்னு சொல்வாங்க. நீயும் அதைத்தான் சொல்லிச் சிரிக்க வைக்கிறே.”

அவள் குரலை உயர்த்தவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை சித்ரா உடையை மடித்து ஹரிஹரனின் மேஜையில் வைத்தாள். “இனி அந்தக் கதைய நான் சொல்ல மாட்டேன் சேர்.”

“ஜனங்க அதைக் கேட்கத்தானே வர்றாங்க? சும்மா ஒரு தமாஷ் தானேம்மா.”

“சுனாமியில எங்கப்பா செத்தத யாராச்சும் தமாஷா சொன்னா நான் நிப்பேனா சேர்? அந்தப் படத்துல இருக்கிறவ பதில் சொல்ல முடியாதவ.”

சித்ரா மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. சீருடைதான் தைத்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை ஃபெர்ரி ஏறிப் பாம்பூஃபிளாட்டுக்குப் போய், வருகைப் பதிவேட்டில் பார்த்த பெயரைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த மெஹருன்னிசா உள்ளே வா என்று சொல்லவில்லை.

“மன்னிப்புக் கேக்க வந்தேன் தீதி,” என்றாள் சித்ரா. “இன்னொன்னும் கேக்கணும். அவங்க இங்க வந்த பிறகு என்ன செஞ்சாங்க?”

“இதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை” என்று சொல்லி மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மெஹருன்னிசாவுடைய பாட்டியின் அம்மா சிறையில் சில வருஷம் நூல் நூற்றாள். அனுமதி வாங்கி இன்னொரு கைதியைக் கல்யாணம் செய்தாள். அவன் வேறு ஊர், வேறு பாஷை. பேசிக்கொள்ள இருவரும் இந்தி கற்றார்கள். இரண்டு மாடு வைத்துப் பால் விற்றாள். ஐந்து பிள்ளைகளில் மூன்று பிழைத்தன. சாகும்வரை கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மெஹருன்னிசாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டு வந்து சித்ரா ஹரிஹரனிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அந்தம்மா சம்மதிச்சாங்களா?” என்று மட்டும் கேட்டார். பெயரைக் குறிப்பிடாமல் சொல்லலாம் என்று மெஹருன்னிசா சம்மதித்திருந்தாள்.

சித்ரா மறுபடி உடுத்தத் தொடங்கினாள். என்ன தப்பு செய்தாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். “படத்துல இருக்கிறவளோட பேரே தெரியாது. தப்பு மட்டும் எப்படித் தெரியும்? அவள மாதிரி வந்த ஒருத்தி அப்புறம் என்ன செஞ்சான்னு வேணும்னா சொல்றேன்” என்கிறாள். சிலர் நடுவிலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முன்புபோல் இல்லை. இருக்கிறவர்கள் மாட்டைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள்.

இப்போது அவள் இரண்டாவது உடை ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறாள், சிறையை விட்டு வெளியே வந்து பால் விற்ற பெண்ணுக்கு. அதற்குப் படம் எதுவும் கிடைக்கவில்லை. என்ன நிறம் என்று ஹரிஹரனும் மெஹருன்னிசாவும் ஒரு மாதமாகப் போனில் வாதாடுகிறார்கள். சாயம் பிறகு முக்கிக்கொள்ளலாம் என்று, சித்ரா வெள்ளைத் துணியிலேயே பாவாடையின் ஓரத்தை அடித்து வைத்திருக்கிறாள்.