பின்கண்ணாடியில் ஒரு பெயர்

வண்டி நகர்வதற்கு முன்பே ஆட்டோக்காரம்மா வேண்டா தன் விசாரணையை ஆரம்பித்துவிடுவார். "உன் பேரு இன்னாம்மா? யாரு வெச்சது?" கேளம்பாக்கத்தில் அவருடைய ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர் எவராக இருந்தாலும் திருப்போரூரில் இறங்குவதற்குள் தன் பெயரின் ஜாதகத்தையே ஒப்பித்துவிட வேண்டியதுதான்.

திருநாவுக்கரசு என்று நான் சொன்ன அன்று, "யப்பா! கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள ஸ்டாப்பிங்கே வந்துடும் போல கீதே" என்றார். அன்றிலிருந்து நான் 'அரசு சார்'. கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஏறிய ஸ்வாதி, தன் பெயர் ஒரு நட்சத்திரத்தினுடையது என்றாள். உடனே பதில் வந்தது. "உங்க அப்பாரு வானத்தப் பாத்து வெச்சிகீறாரு. எங்க நைனா எங்கம்மா வவுத்தப் பாத்து வெச்சாரு!" சொல்லிவிட்டு முதலில் சிரித்ததும் அவர்தான்.

அவர் பிறந்தது கருங்குழிப் பக்கம். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசியாக வந்தவளுக்கு 'வேண்டா' என்று பெயர் வைப்பார்கள். அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று நம்பிக்கை. "நான் நாலாவது சார். எனக்கப்பறம் தம்பி பொறந்துட்டான். பேரு வேல செஞ்சிச்சு பாத்தியா!" என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும், அவருக்கு வராது. அந்தப் பெயரை வைத்த அப்பா அருணகிரி இன்று இருப்பது மகன் வீட்டில் இல்லை, வேண்டா வீட்டில். மகள் சுட்டால்தான் அவருக்குத் தோசை இறங்குமாம்.

போன மாதம் வாடகை வண்டியை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கினார். பின்கண்ணாடியில் யார் பெயரை ஒட்டுவது? பிள்ளைகள் பெயர், சாமி பெயர் என்று ஸ்டாண்டில் ஆளுக்கொரு யோசனை. வேண்டா தன் பெயரேதான் என்றுவிட்டார். அருணகிரிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். "நல்ல பேரா, துர்காதேவின்னு போட்டுக்கம்மா. ரோட்ல போறவன் வர்றவன்லாம் படிப்பான். பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும்."

"துர்காதேவி யாரு நைனா? நீ கூப்ட்டப்பல்லாம் ஓடியாந்தவ வேண்டா. வண்டி ஓட்டக் கத்துகினவளும் அவதான். எவ பேரையோ நான் ஏன் போடணும்?"

பூஜையன்று நானும் போயிருந்தேன். மஞ்சள் எழுத்தில், கண்ணாடி முழுக்க 'வேண்டா'. சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது. பெரியவர் ஹெட்லைட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஹேண்டில்பாருக்கும் சக்கரங்களுக்கும் வைத்தார். பின்கண்ணாடிப் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவேயில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தார்.

வேண்டா அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். "நைனா, இங்க ஒண்ணு பாக்கி கீது."

பெரியவர் மெல்ல வந்தார். சந்தனத்தைத் தொட்டு முதல் எழுத்தின்மேல் வைத்தார். ஒவ்வோர் எழுத்துக்கும் அவர் பொட்டு வைத்து முடிக்கும் வரை, மகள் கிண்ணத்தை நீட்டியபடியே நின்றார்.