பாதிப் புத்தகம்

ராக்கம்மாளை எங்கள் திருப்பூர்ப் பக்கத்து அருள்புரத்தில் சண்டைக்காரி என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும். என் எதிர் வீட்டில் குடியிருந்தவள் அவள். குழாயடியில்கூட யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. வாழ்க்கையில் அவள் போட்டது ஒரே சண்டை. அதையும் போடாமல் இருந்திருந்தால் நானே அவளைத் திட்டியிருப்பேன்.

சங்கரன்கோவில் பக்கம் மழை இல்லாமல் போன ஒரு வருஷம், எண்பத்தாறோ எண்பத்தேழோ, கணவன் சுடலையோடும் மகள் பாண்டியம்மாளோடும் திருப்பூர் வந்தாள். சுடலைக்குச் சாயப்பட்டறை. அவளுக்குப் பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. வேலை கொடுத்தது சுப்பண்ணன் என்ற கான்ட்ராக்டர். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அவருடைய கூட்டம் மொத்தமும் ஊருக்கு பஸ் ஏறும். திரும்பி வருவதற்குள் அவர் வேறு கம்பெனியைப் பிடித்திருப்பார். கம்பெனி மாறினால் லைன் வீடு மாறும், லைன் வீடு மாறினால் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும்.

புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் என்ன சொல்வார்கள்? "நடு வருஷத்தில் சேர்க்க முடியாது, ஜூனில் வாருங்கள்." அதுவரை பாண்டியம்மாள் கம்பெனி வாசலில் வேஸ்ட் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். ஜூனில் போனால் இரண்டாம் வகுப்புப் புத்தகத்தின் பின்பாதியைத் திறந்து வாசிக்கச் சொல்வார்கள். முன்பாதி அவளுக்குப் பார்க்காமலே வரும். பின்பாதியை எந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குக் காட்டியது? உடனே, "மறுபடி ரெண்டாவதிலேயே உட்காரட்டும்." சேர்க்காததும் அவர்கள்தான், தெரியவில்லை என்று கீழே இறக்குவதும் அவர்கள்தான். இப்படியே பத்து வயசுப் பெண் ஏழு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் இப்படிப் போனால் சுடலை அவளையும் கம்பெனிக்கு அனுப்பிவிடுவான். அதை அவன் மறைக்கவும் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஜூனில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து நூர்ஜான் டீச்சர்தான் துணிந்து அவளை மூன்றாம் வகுப்பில் எடுத்துக்கொண்டார். விட்டுப்போன பாடங்களைச் சாயங்காலம் இருத்திச் சொல்லிக்கொடுத்தார். ராக்கம்மாளிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "இந்த வருஷம் மட்டும் நடுவுல கூட்டிட்டுப் போயிடாதீங்கம்மா."

ராக்கம்மாள் போகவில்லை. தீபாவளிக்கு மொத்த லைனும் பூட்டிக் கிடந்தது. அவள் வீடு மட்டும் திறந்திருந்தது.

"கூட்டத்தோட வராட்டி அப்புறம் எங்கிட்ட வேலைன்னு வந்து நிக்கக் கூடாது, பார்த்துக்க" என்று கூட்டம் பஸ் ஏறும்போதே சொல்லியிருந்தார் சுப்பண்ணன்.

"சரிங்கண்ணே" என்றாள். பல்லடம் ரோட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, குறைந்த கூலிக்கு இன்னொரு கம்பெனியில் சேர்ந்தாள்.

லீவு முடிந்து பள்ளி திறந்த காலையில் மகளுக்குத் தீபாவளிப் பாவாடையைக் கட்டிவிட்டு, "யக்கா, நீங்களும் வாங்க. இத்தன வருசத்துல தீவாளிக்குப் பொறவும் இவ அதே பள்ளிக்கூடம் போறது இதான் மொத தடவ" என்று என்னையும் அழைத்துப்போனாள்.

எங்களைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டர் ஆறுமுகசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏனுங்கம்மா, ஊருக்குப் போகலீங்களா? தெக்கத்திப் புள்ளைங்க பேரையெல்லாம் லீவுக்கு முன்னாடியே அடிச்சுப்போட்டனுங்களே."

"நாங்க போறோம்னு ஆரு சார் சொன்னா?"

"ஆரு சொல்லோணும்? வருஷா வருஷம் போறதுதானுங்களே. ஆபீசர் வர்றப்ப எடம் காலியாக் கெடந்தா என்னையில்லீங்க கேக்கறாங்க."

"அதான் வந்துட்டோம்லா சார். திரும்ப எழுதிருங்க."

"எழுதினா புதுசாச் சேர்க்கறதாத்தானுங்க ஆகும். டி.சி. வேற இல்லீங்க. இப்போதைக்கு ரெண்டாவதுல உக்காரட்டும், ஜூன்ல பார்த்துக்கலாம்."

எவ்வளவு மரியாதை! வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டே ஒரு பிள்ளையின் வருஷத்தைத் தின்றுவிட்டார் மனுஷன். நூர்ஜான் டீச்சர் ஓடி வந்து, "சார், இது என் கிளாஸ் பொண்ணு" என்றார். "நீங்க சும்மா இருங்க டீச்சர்" என்று டீச்சரின் வாயையும் அடைத்தார் ஹெட்மாஸ்டர்.

அந்த நேரத்தில்தான் பாண்டியம்மாள் ஒரு காரியம் செய்தாள். யாரும் சொல்லவில்லை. அவள் அழவும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தானாகவே இரண்டாம் வகுப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பேசிய ராக்கம்மாள் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடமே அடங்கிப்போனது. "ஏட்டி! எங்க போற?" ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்துவந்து மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தாள். வாசற்படியை மறித்துத் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

"இதென்னம்மா ரகளை? போலீசைக் கூப்புடுவனுங்க!"

"கூப்புடுங்க சார். ஒரு வார்த்த கேக்காம எம்பிள்ள பேர ஏன் வெட்டுனீகன்னு அவுகளும் கேக்கட்டும்."

ஒருத்தரும் வரவில்லை. சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத கம்பெனிக்கு அன்று அவள் போகவில்லை. மத்தியானம் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பெல் அடித்த பிறகு ஆறுமுகசாமி மூன்றாம் வகுப்பில் பாண்டியம்மாளின் பேரைத் திரும்ப எழுதினார். அதற்காக ஒரு வருத்தமும் சொல்லவில்லை. ஊரிலிருந்து இன்னும் திரும்பாத மற்றப் பிள்ளைகளின் பேர்கள் அடித்தது அடித்தபடியே கிடந்தன.

திரும்பி வரும்போது ராக்கம்மாள் ஜெயித்தவள் மாதிரி இல்லை. பாதி வழியில் நின்றுவிட்டாள். மகளின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள்.

"அந்தாளு சொன்னா நீயே ரெண்டாவதுக்கு நடந்து போயிருவியாட்டி? இனி எவன் எந்திரின்னாலும் எந்திரிக்காத. கேட்டுச்சா? எந்திரிக்காத!"