எட்டாவது தோள்

எஃப்ராசியோ தலவாந்தே மோயா (1894–1967). ஸ்பெயினின் லா மாஞ்சா சமவெளியில், அல்மோரின் ஊரில் திராட்சை மதுவுக்கான தாழிகள் வனைந்தவர்.

இரண்டு ஆள் உயரத் தாழியைச் சூளைக்குச் சுமக்க எட்டுப் பேர் வேண்டும். தாழிக்கு உரியவர் சுமப்பதில்லை. முன்னால் பின்னோக்கி நடந்தபடி, சுமப்பவர்கள் எங்கே கால் வைப்பது என்று அடி சொல்வார். தொப்பியைக் கழற்றி வாசலில் நின்று கேட்டால், பகைவனும் தோள் கொடுக்க மறுக்கக் கூடாது. அதுவே ஊர் வழக்கம்.

1951 ஆகஸ்டில் பலரும் களத்துமேட்டில் கதிரடித்துக்கொண்டிருந்ததால் ஏழு பேரே கிடைத்தனர். மறுநாள் சூளையின் வாயை அடைத்துவிடுவார்கள். தவறினால் அவ்வாண்டுத் திராட்சைக்குத் தாழி இல்லை. மிஞ்சியிருந்தவன் ஒருவனே: எஃப்ராசியோவின் மனைவி பிரிஹிதாவின் தம்பி காசியானோ. அவனும் தாழி வனைபவன்; எஃப்ராசியோவின் தாழிகள் கசியும் என்று மதுக்கிடங்குதோறும் சொல்லித் திரிந்தவன்.

"போய்க் கூப்பிடுங்களேன், என் தம்பிதானே," என்றாள் பிரிஹிதா.

"உன் தம்பி வாசல்ல என் தொப்பி எறங்காது."

எதிர்ச்சுவரில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த காசியானோ உமியைத் துப்பினான். "என்ன மச்சான், ஏழு பேருதானா? கசியுற தாழிக்கு அது போதும்!"

"உன் வாய் கசியுறதுல பாதிகூட என் தாழி கசியாதுடா."

"தொப்பியக் கழட்டுங்க, இப்பவே வர்றேன். உள்ள என்ன, குருவி கூடு கட்டியிருக்கா?"

ஏழு பேரும் சிரித்தனர். எஃப்ராசியோ எட்டாவது சுமைக்கயிற்றைத் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப அடி யாரு சொல்றது?" என்றார் மூத்த சுமைக்காரர் மெலித்தோன்.

"கண்ணு இருக்கறவன் பாத்து நடக்கட்டும்."

மூன்றாம் அடியில் தாழியின் வயிறு கதவுநிலையில் மோதியது. வேகாத மண், வாய் முதல் அடிவரை விரிசல் ஓடியது.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பேனே, மச்சான்," என்றான் காசியானோ. இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"அதுக்குத்தான் கேக்கல."

மண் தட்டும் மரக் கொட்டாப்புளியை எடுத்து மிச்சத்தையும் அவரே உடைத்தார். பிரிஹிதா அன்று அவருக்குத் தட்டு வைக்கவில்லை.

அடுத்த கோடையில் காசியானோ வெறுந்தலையோடு வந்து, தன் தாழியைச் சுமக்க அவரை அழைத்தான். போனார், சுமந்தார், அவன் நீட்டிய மதுக்கிண்ணத்தைத் தெருவில் கவிழ்த்துவிட்டு வந்தார். அதன் பின்னும் பதினான்கு ஆண்டுகள் வனைந்தார். ஒருவரே தூக்கக்கூடிய ஜாடிகளை மட்டும். கடைசி ஜாடியைத் தோளில் ஏற்றித் தனியாகச் சூளைக்குக் கொண்டுபோனது, 1966 நவம்பர் 11.