துலா ராசிக்கு ஆகாத அமாவாசை

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில், ராஜாமணியின் டீக்கடை ஓரமாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார் ஜோசியர் கோதண்டராமன். அப்பா பார்த்த தொழில் என்று சின்ன வயதில் வந்து உட்கார்ந்தவர், நாற்பது தாண்டியும் எழுந்திருக்க வழியில்லாமல் இருந்தார். ஊருக்கெல்லாம் நல்ல நேரம் சொன்ன மனிதருக்கு அந்தத் தொழில் அறவே பிடிக்காது. பெண்ணைப் பெற்றவர்கள் தம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். ஓடினால் சோற்றுக்கு என்ன செய்வது?

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி பிறந்ததும் ராஜாமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய ஒரே மகன் திருமலை கூட்டாளிகளோடு பம்பாய் போகிறானாம். தீபாவளிக்கு மறுநாள் ரயில்.

"நீங்க சொன்னாத்தான் கேப்பான், ஜோசியரே. எதுனா சொல்லி நிறுத்துங்க."

இடம் கொடுத்தவள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அமாவாசை; சூரியனும் சந்திரனும் துலாத்தில். அங்கே சூரியன் நீசம், பலமில்லாதவன். போதாததற்குத் துலாம் காற்று ராசி. திருமலைக்கும் அதே ராசி. ஆனால் நம் ஜனங்களுக்கு அமாவாசை என்றால் நிறைந்த நாள். கடை திறப்பார்கள், புது லாரி எடுப்பார்கள். அதனால் கொஞ்சம் ஓங்கியே சொன்னார்.

"துலா ராசிக்காரங்களுக்கு இந்த அமாவாச ஆவாது. காத்து ராசி. அன்னிக்குத் தொடங்கினது எதுவும் நிக்காது, பஞ்சாப் பறந்துடும். வாசப்படியே தாண்டக் கூடாது!"

டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திருமலை முறைத்தான்.

"நீங்களும் துலா ராசிதான? அன்னிக்கு இன்னா பண்றீங்கன்னு பாக்கறேன்."

"நான் வூட்டுலதான் இருப்பேன்," என்றார் ஜோசியர் கெத்தாக. வாய் சும்மா இருக்குமா?

ஒரு வாரம்கூடப் போகவில்லை. ஒரகடம் ரோட்டில் புதிதாகத் தொடங்கும் போல்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் பாண்டுரங்கன், மகளுக்கு எழுதச் சொன்ன ஜாதகத்தை வாங்க வந்தார். புரட்டிப் பார்த்தவர் தணிந்த குரலில் கேட்டார்.

"கணக்கு சுத்தமா கீது. எங்க ஸ்டோருக்கு ஆள் வேணும். வர்றீங்களா?"

கோதண்டராமன் பலகையை விட்டே எழுந்துவிட்டார். "எப்ப சார் வரணும்?"

"தீபாவளிக்கு மறுநாள். அமாவாச, நெறஞ்ச நாளு. பூஜ போட்டு மெஷின ஓட்டறோம்."

"ஒரு நாள் தள்ளி வரலாமா?"

"பூஜைக்கு வராதவன் வேணாம்னுட்டாரு முதலாளி."

கடையில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. மனைவி கிளியம்மாளிடம் மட்டும் சொன்னார்.

"யாருக்கோ சொன்ன பொய்க்காக நம்ம சோத்துல மண்ணப் போடுவியா? போய் வேலைல சேருய்யா," என்றாள் அவள்.

"பொய் இல்லடி. சாஸ்திரத்துல கீது."

"அப்ப நெசமாவே நம்பறியா?"

அவர் எழுந்து திண்ணைக்குப் போனார். நம்பினால் போகக் கூடாது. நம்பாவிட்டால், இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னதெல்லாம் என்ன? தாம் போனால் திருமலையும் ரயில் ஏறுவான். ராஜாமணியின் முகத்தில் எப்படி விழிப்பது? எந்தப் பக்கம் திரும்பினாலும் சொந்த வாக்கே குறுக்கே வந்து நின்றது. பாவம், தீபாவளி இட்லிகூட அவருக்கு இறங்கவில்லை.

அமாவாசைக் காலையில் புது வேட்டி கட்டி, சாப்பாட்டுத் தூக்கோடு கதவைத் திறந்தார். எதிரே மதகின் மேல் பையோடு உட்கார்ந்திருந்தான் திருமலை.

"கெளம்பிட்டீங்களா, ஜோசியரே? அப்ப நானும் கெளம்பறேன்."

கோதண்டராமன் வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இல்லப்பா, மழ வருதான்னு பாத்தேன்."

கிளியம்மாள் தூக்கைத் திறந்து, சோற்றைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தாள்.

சில நாள் கழித்து ராஜாமணி அதிரசத்தோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாண்டுரங்கன் சாரு நம்ம திருமலைய ஸ்டோர் வேலைக்குக் கூப்ட்டுக்கினாரு! வர்றேன்னு சொன்னவன் எவனோ வராம பூட்டானாம். எல்லாம் உங்க வாக்கு. சேர்றதுக்கு ஒரு நல்ல நாள் பாத்துக் குடுங்க."

அவர் விரல் பஞ்சாங்கத்தில் ராகு காலத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வளர்பிறைப் பஞ்சமியில், குறையே இல்லாத ஒரு முகூர்த்தத்தைச் சொன்னார்.

"நீங்களே கூட்டிக்கினு போய் வுட்டுட்டு வாங்க. உங்க கைராசி," என்றாள் ராஜாமணி.

போனார். கம்பெனி கேட்டில் திருமலை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். மெஷின் சத்தம் வெளியே வரை கேட்டது. அதைக் கேட்டபடி அங்கேயே நின்றவரை வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க யாருங்க?"

"ஜோசியர்."

வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு, கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினான்.

"எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கோதண்டராமன் அந்தக் கையைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்.