பின்னாலிருந்து கூப்பிடாமல்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மகள், அவளோடு அதே படிப்பில் சேர்ந்திருந்த ஒரு பள்ளிக்கூட டீச்சர், பிசியோதெரபி செய்கிற ஒருவர், பாடம் நடத்தும் டாக்டரம்மா, குதிரைக்காரர். உதைத்த குதிரையைச் சேர்த்தால் ஏழு. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இப்போது எங்கள் தெருவில் கேட்டால் இருபது பேர் நின்று பார்த்த மாதிரி சொல்கிறார்கள். நடந்ததை முழுக்கப் பார்த்தது நான் ஒருத்திதான்.

என் மகள் பி.காம். படித்துவிட்டு இங்கே மைசூரிலேயே ஒரு கடன் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். தவணை கட்டாதவர்களுக்குப் போன் போட்டு மிரட்டுகிற வேலை. ஒரு நாள் தன்னோடு வேலை செய்கிறவளின் குழந்தையைப் பார்க்கப் போனாள். கழுத்து நிற்காத பிள்ளை. அதைக் குதிரை மேல் உட்கார வைத்து நடத்தினார்களாம், பத்து நிமிஷத்தில் தலையைத் தூக்கிப் பார்த்ததாம். அன்றிலிருந்து இவளுக்கு வேறு பேச்சே இல்லை. குதிரையை வைத்து அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வருஷப் படிப்பு, பட்டம் வாங்கினவர்களுக்கு மட்டும். வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள்.

"பட்டம் வாங்கிப்போட்டு எவளாச்சும் சாணி அள்ளப் போவாளா?" என்றார் என் கணவர்.

"சாணி இல்லப்பா. குதிரை போட்டா லத்தி."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேரும்போது கொடுத்த தாளில் வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள், இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையைக் கூட்டிப் பார்த்தேன். டெத் என்று வந்தது.

"இதுல சாவுன்னு போட்டிருக்குது கண்ணு."

"எல்லா ஃபார்ம்லயும் போடுவாங்கம்மா. சும்னிரு, சைன் பண்ணு."

தமிழில் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு மாதேஸ்வரன் மலைக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவராமல் போகவேண்டும், அடிபடாமல் திரும்பி வரவேண்டும். இரண்டையும் ஒரே முடிச்சில் கேட்டுவிட்டேன்.

முதல் பத்து நாள் பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும். கட்டிய முதல் தவணையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து மணி தாண்டினால் முழுப் பணத்தையும் கட்டியே ஆகவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலையில் மகளே என்னை அழைத்துக்கொண்டு போனாள். நேரில் ஒருமுறை பார்த்தால் என் புலம்பல் நிற்கும் என்று நினைத்தாள்.

குண்டலுபேட்டை ரோட்டில் நஞ்சன்கூடு தாண்டி இறங்கி உள்ளே நடக்கவேண்டும். கேட்டில் முதலில் கண்ணில் பட்டது ஆம்புலன்ஸ் நம்பர், சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அத்தனை பெரிய மிருகங்கள் ஆறு நிற்கிற இடத்தில் வாலடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கட்டுத்தறிக் கம்பத்தில் ஒரு பழுப்புக் குதிரை முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது.

டாக்டரம்மா என்னிடம் நல்லபடியாகத்தான் பேசினார். கன்னடத்தில் தொடங்கி, பாதியில் இங்கிலீஷுக்குப் போய்விட்டார். குதிரையின் பின்பக்கத்தைக் காட்டினார், வாயருகே கையைக் குவித்துக் காட்டினார், ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எனக்குப் பழக்கம். திருப்பிக் கேட்டால் படிக்காதவள் என்று தெரிந்துவிடும் அல்லவா.

அப்புறம் டாக்டரம்மா மற்ற இரண்டு பேரோடு சேணம் வைக்கிற கொட்டகைக்குள் போனார். குதிரைக்காரர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குனிந்திருந்தார். மகள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பழுப்புக் குதிரையிடம் போனாள். அதன் தோளருகே நின்று கழுத்தைத் தடவ ஆரம்பித்தாள். அப்போதுதான் பார்த்தேன், ஹெல்மெட் வார் மாட்டாமல் தாடைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். எங்கள் வீட்டில் கிளம்பிப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட மாட்டோம். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனாலும் ஓடி, சுற்றி முன்னால் போய் நின்றுதான் கொடுப்போம். ஒருமுறை என் கணவரை அவசரத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டேன். அன்று மதியம் கட்டட வேலையில் சாரம் சரிந்து அவர் கால் முறிந்தது. அதற்கப்புறம் என் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அன்றும் மூடிக்கொண்டது. சேற்றில் செருப்பு ஒட்டியது, கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். அவள் முகத்துக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். அதற்குக் குறுக்குவழி குதிரையின் பின்பக்கம். சத்தமே இல்லாமல் போனேன்.

உதை என் மேல் படவில்லை. என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கிய இரும்பு வாளி பறந்து சுவரில் மோதியது. குதிரை ஒரே திருப்பாகத் திரும்பியது. அந்தப் பக்கம் நின்றிருந்த என் மகளைக் கம்பத்தோடு வைத்து அழுத்தியது. அவள் கத்தவில்லை. காற்று வெளியே போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

எல்லோரும் ஓடி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு அடிபட்டதும் பதறி ஓடிவந்து விழுந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. வண்டியில் ஏறும்போது குதிரைக்காரர் என் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

"இது அங்கே பின்னாடி கெடந்துச்சு அம்மாவரே," என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "குதிரை சும்மனே உதைக்காது. சத்தம் போடாமே யாராச்சும் பின்னாடி வந்தா மட்டும்தான்."

அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நஞ்சன்கூட்டு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது முன்கை எலும்பில் மயிரிழை விரிசல். கட்டுப் போட்டு முடிக்கும்போது நாலு மணி. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்மா."

"வலிக்குதா?"

"வலிக்காக இல்ல. பத்து நாளா அதோட காதைத்தான் பாத்துட்டிருக்கேன். கோவம் வந்தா காது முன்னாடியே சொல்லிடும்னு டாக்டர் சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. இந்த மாதிரி இருக்கறவ கையில ஒரு புள்ளைய நம்பி உட்டா என்னாகும்?"

முடிந்து வைத்த ரூபாய் வேலை செய்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் சொன்னது மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தன்னைத்தான் தப்பு என்று நினைக்கிறாள். இனி எந்த வேலைக்குப் போனாலும் அந்த நினைப்பும் கூடவே போகும்.

ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கடிகாரம் நாலு நாற்பது காட்டியது. அவள் வலது கையில் போனை எடுத்தாள்.

"காது ஒண்ணும் சொல்லியிருக்காது கண்ணு," என்றேன். "நான் பின்னால வந்தேன்."

"எங்க பின்னால?"

"குதிரைக்குப் பின்னால. செருப்பில்லாம. உன்ற ஹெல்மெட் வாரு மாட்டாம இருந்துச்சு."

"ஏம்மா, ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"போறவள எப்படிப் பின்னால கூப்பிடறது?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. நாலு அடி நடந்து போறதுக்குப் பேரு கெளம்பறதா?"

சிரிக்க ஆரம்பித்தாள், கை வலித்தது, நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா, சிரிப்பா, என் மேல் கோபமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். ஐந்து மணியானதை இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். திரும்பவும் அதே குதிரையிடம்தான் போகிறாள். போன வாரம் சாப்பிடும்போது சாதாரணமாக ஒன்று சொன்னாள். சில நாள் அவள் பக்கத்தில் போனாலே குதிரை இரண்டு காதையும் பின்னுக்கு மடக்குகிறதாம். ஏன் என்று முதலில் புரியவில்லையாம். அப்புறம் கவனித்தாளாம், அவள் உடுப்பில் ஊதுபத்தி வாசனை அடிக்கிற நாளில் மட்டும்தான் அப்படி.

நான் ஊதுபத்தி கம்பெனியில் பாக்கெட் போடுகிறேன். அன்று ஓடியபோதும் அந்த வாசனை என் மேல் இருந்தது. அவள் துணியைத் தனியாகத் துவைக்கிறேன், வேறு அறையில் காயப்போடுகிறேன். எங்கள் வீடே இரண்டு அறைதான். விடிந்ததும் அவள் வாசல் தாண்டும்போது பின்னால் நின்று முகர்ந்து பார்க்கிறேன், கூப்பிடுவதில்லை. என்றைக்காவது ஒரு நாள் அந்த வாசனை அவளோடு போய்விடும் என்று தெரியும்.

வேலையை விட்டுவிடு என்கிறார் என் கணவர். விட முடியாது. முதல் தவணை போக அந்தப் படிப்புக்கு இன்னும் கட்ட வேண்டியது தொண்ணூற்றாறாயிரம் ரூபாய்.