பதிவு எண் ஒன்று: ஒட்டகக்காரன் பராத்

கொராசானின் தென்கோடியில் இருக்கும் எங்கள் மெஹ்ராபாத் வட்டத்தில் ஆள்பதிவு அலுவலகம் திறக்கப்பட்டது ஈரானியச் சூரிய ஆண்டு 1307, மெஹர் மாதம் ஒன்பதாம் தேதி. அதன் முதல் எழுத்தர் நான்; எழுத்தரை எங்கள் பக்கம் மிர்சா என்பார்கள். முதல் ஏட்டின் முதல் வரியில் இருப்பவன் பராத். தந்தை ரமஸான், தொழில் ஒட்டகம் ஓட்டுதல், வயது முப்பத்தொன்பது. வயது அவனுக்குத் தெரியாது. பாதாம் மரங்கள் உறைபனியில் கருகிப்போன வருடம் பிறந்தேன் என்றான். நான் கணக்குப் போட்டு எழுதினேன்.

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் ஈதி. 1301இல் பட்டாளத்துக்கு ஊருக்கு ஓர் ஆள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊர் கூடிச் சீட்டுப் போட்டது. சீட்டு ஊர் நிலமெல்லாம் சொந்தமான நஸ்ருல்லா கானின் அக்கா மகனுக்கு விழுந்தது. மறுநாள் காலை கான் படை அதிகாரியிடம் ஒப்படைத்தது ஈதியை. அவனுக்குப் பதினேழு வயது. பராத் அப்போது குங்குமப்பூ மூட்டைகளுடன் கெர்மான் வழியில் இருந்தான். அவன் ஊர் திரும்பிய பதினோராம் நாள், மாகாணத் தலைநகர் மஷ்ஹதிலிருந்து ஈதியின் கம்பளித் தொப்பி வந்தது. பாசறைக் காய்ச்சலில் போய்விட்டான் என்றார்கள்.

தொப்பியை எடுத்துக்கொண்டு பராத் கானின் வீட்டுக்குப் போனான். கான் முலாம்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஈதி?" என்றார். "ஊருல நாலு ஈதி இருக்கானுங்க. ஒட்டகத்துக்கெல்லாம் பாத்துப் பாத்துப் பேரு வைக்கிறீங்க, மனுஷனுக்கு வைக்கத் தெரியலியே உங்களுக்கு!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பராத் தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். ஆறு வருடம் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. கானின் மாதுளைகளைக்கூட ஒழுங்காக ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தான். பயந்துவிட்டான் என்று கானின் ஆட்கள் நினைத்தார்கள்.

புதிய அலுவலகத்துக்கு வேண்டிய ஏடுகளும் மையும் முத்திரைகளும் மஷ்ஹதிலிருந்து வந்தது பராத்தின் ஒட்டகங்களில்தான். பதினான்கு ஒட்டகம், பதினோரு நாள் பயணம். நானும் கூட வந்தேன். ஒவ்வொரு தங்கலிலும் விதிப் புத்தகத்தை வாய்விட்டுப் படிப்பேன். திறப்பு நாளில் தடுமாறக் கூடாதே என்ற கவலை. இனி ஒவ்வொரு குடும்பத் தலைவனும் ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வட்டத்தில் ஒரு பெயர் ஒரு குடும்பத்துக்கே. அதே பெயரை வேறு யாராவது விரும்பினால், முதலில் பதிந்தவன் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது பராத் கிழிந்த சேணத்தைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"மிர்சா, பெரிய மனுஷன் அப்புறமா வந்து கேட்டா?"

"யாரா இருந்தாலும் அப்படித்தான். முதல்ல வந்தவனோடது."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அதன்பின் அந்தப் பயணத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திறப்பு நாள் காலையில் நான் கதவைத் திறந்தபோது வாசலில் நின்றிருந்தான். குளித்து, தாடியை ஒதுக்கி, சுத்தமான சட்டை போட்டிருந்தான்.

"குடும்பப் பெயர்?"

"சாலாரி."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். சாலாரி என்றால் கானின் வீடு. அவருடைய கொள்ளுத் தாத்தா சாலார் என்ற படைத்தலைவர். கோட்டை வாசலிலும், கல்லறைகளிலும், நிலப் பத்திரங்களிலும் அந்தப் பெயர்தான். பட்டங்களை அரசாங்கம் மூன்று வருடம் முன்பே ஒழித்துவிட்டது. கானிடம் மிச்சம் இருந்த பெருமை இது ஒன்றுதான்.

"உனக்குப் பைத்தியமா? வேற ஏதாவது சொல்லு."

"ஒட்டகக்காரன் இந்தப் பேரை வெச்சுக்கக் கூடாதுன்னு புஸ்தகத்துல இருக்கா மிர்சா? இருந்தா படிங்க, போயிடறேன்."

அப்படி ஒன்றும் இல்லை. நான் இழுத்தடித்திருக்கலாம்; மை இல்லை என்று சொல்லிக் கானுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

கான் வரவில்லை. வரி அதிகாரி, நில அளவையாளர், நீதிபதி என்று எல்லோரும் அதுநாள் வரை அவர் வீட்டுக்குத்தான் போயிருந்தார்கள். பதிவேடும் அப்படியே வரும் என்று முற்றத்தில் கம்பளம் விரித்துக் காத்திருந்தார். நாற்பத்தோராம் நாள் பொறுமை இழந்து, அக்கா மகனோடு குதிரையில் வந்தார். அவருடைய எண் முந்நூற்றுப் பன்னிரண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

முதலில் மிரட்டல் போனது. பராத்தின் ஒட்டகம் ஒன்று கால் வெட்டப்பட்டுக் கிடந்தது. அவன் கத்தியைத் தீட்டி, அதை அறுத்து, இறைச்சியைத் தெருவுக்கெல்லாம் பகிர்ந்தான். கானின் வீட்டுக்கும் ஒரு பங்கு அனுப்பினான். மாகாண அலுவலகத்துக்குக் கான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ஒரே பதில் வந்தது: சம்மதம் பெறவும்.

ஆதர் மாதம் இருபத்திரண்டாம் தேதி இருவரும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். குழந்தைகளைப் பதிய வந்த பன்னிரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னடா வேணும் உனக்கு? என் வாய்க்கால்ல ரெண்டு முறைத் தண்ணி எழுதித் தரேன்."

"எங்கிட்ட இருக்கிறது ஒட்டகம், எஜமான். அதுக்குத் தண்ணி எதுக்கு?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப என்னதான்டா வேணும்?"

"பட்டாளத்துக்குச் சீட்டு யார் பேருக்கு விழுந்துச்சு, யாரை அனுப்பினீங்க? இத்தனை பேரு முன்னாடி சொல்லுங்க. மிர்சா எழுதட்டும்."

"சொன்னா கைநாட்டு வைப்பியா?"

"முதல்ல சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

கான் அக்கா மகனைப் பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீட்டு இவனுக்குத்தான் விழுந்துச்சு," என்றார் கான். "நான் ஈதியை அனுப்பினேன்."

"எந்த ஈதி?"

"உன் தம்பி."

"எங்க அப்பன் பேரு?"

கானுக்குத் தெரியவில்லை. சுவரோரம் இருந்த ஒரு கிழவர்தான், "ரமஸான்" என்று எடுத்துக் கொடுத்தார். கான் அதைத் திருப்பிச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எழுதி, படித்துக் காட்டி, கானின் கையெழுத்தை வாங்கினேன். பிறகு மைப்பெட்டியைப் பராத்தின் பக்கம் நகர்த்தினேன்.

பராத் இரண்டு கைகளையும் இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டான்.

"சம்மதம் இல்ல. அதையும் எழுதிக்குங்க மிர்சா."

"நாய்க்குப் பொறந்தவனே! ஏமாத்திட்டியேடா!"

"அவனும் ஆறு மாசத்துல திரும்பிடுவேன்னு நம்பித்தான் போனான் எஜமான். நீங்கதானே அப்படிச் சொல்லி அனுப்பினீங்க?"

பெயர் தோன்றாதவர்களுக்கென்று அலுவலகத்தில் அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. கான் அதைப் பார்க்க மறுத்தார். அக்கா மகன்தான் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தான். தானேஷ்வர் என்று வந்தது; அறிவாளி என்று பொருள். இன்று அவர்கள் எல்லோரும் தானேஷ்வர்கள்.

கான் 1319இல் இறந்தார். அடுத்த வசந்தத்தில் பராத் என்னை மேட்டின்மேல் இருக்கும் கானின் குடும்பக் கல்லறைக்கு அழைத்துப் போனான். அவனுக்குக் கடைசிவரை படிக்கத் தெரியாது. நான்கு பழைய கற்களில் சாலாரி என்று இருந்தது. ஐந்தாவது புதிது.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"நஸ்ருல்லா தானேஷ்வர்."

கல்லுக்குப் பக்கத்தில் குந்தி, வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினான். தேய்ந்துபோகாத அளவுக்கு ஆழமாக வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்தான். திருப்திப்பட்டவன்போல எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினான்.