பல்லக்கில் ஏறிய பச்சமுத்து

பச்சமுத்து அண்ணனைப் பல்லக்கில் ஏற்றியது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது. செஞ்சியில் பதினோரு வருஷமாகச் சமூக அறிவியல் நடத்துகிறேன். கோட்டைக் காலத்தில் யார் பல்லக்கில் போகலாம், யாருக்குக் குடை பிடிக்கலாம், யார் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும் என்பதெல்லாம் என் வகுப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லாம் முடிந்துபோன சமாச்சாரம் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாரம்பரிய நாளுக்குப் பள்ளியில் ஓர் ஊர்வலம் வைத்தோம். தச்சர் சைபுதீன் பாய் பிளைவுட்டில் அழகான பல்லக்கு செய்து கொடுத்தார். உள்ளே உட்காரக் கோட்டைத் தளபதி வேண்டுமே! கோட்டையில் புல் வெட்டக் கூலிக்கு வரும் பச்சமுத்து கண்ணில் பட்டார். ஐம்பத்தாறு வயது, ஆறடி உயரம், மீசையென்றால் அப்படி ஒரு மீசை. கேட்டதும் சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது.

"எந்தத் தெரு வழியா போவுது டீச்சர்?"

"பஜார் வழியாத்தான். ஏன்ணே?"

"மேலத் தெரு வாணாம். அவ்ளோதான்."

அவர் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருக்கும் இரண்டு ஏக்கரும் மேலத் தெரு கோதண்டராமனுடையது. குத்தகைக்குக் காகிதம் கிடையாது, வாய்ச்சொல்தான். மோட்டார் ரூம் சாவிகூட அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும். தினமும் காலையில் போய்க் கைநீட்டி வாங்கி, தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் முகம் சுளித்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

ஊர்வலத்தன்று பஜாரில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். போலீஸ்காரர் கையைக் காட்டி எங்களைத் திருப்பிவிட்டார், நேராக மேலத் தெருவுக்கு. பல்லக்குக்குள் இருந்து பச்சமுத்து தலையை நீட்டினார். சரிகைத் தலைப்பாகைக்குக் கீழே முகம் வெளுத்து, வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எறக்கி வுடுங்க."

"சும்மா உக்காருங்கண்ணே. காலம் எவ்ளோ மாறிப் போச்சு!"

"உங்களுக்கு மாறிப் போச்சு. எங்க நைனா இந்தத் தெருவுல செருப்ப கக்கத்துல வச்சினுதான் போவாரு. பயிரு மண்ணுல இருக்குது டீச்சர். புடுங்க இன்னும் இருபது நாளு இருக்குது. தண்ணி இல்லன்னா எல்லாம் போச்சு."

சித்திரை வெயில். பின்னால் சிப்பாய் வேஷத்தில் நாற்பது பிள்ளைகள். நான் பிடிவாதமாக "நடங்கடா" என்றேன். நாலாவது வீட்டு கேட்டில் கோதண்டராமன் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததுதான் தாமதம், "நிறுத்துங்கடா!" என்று பல்லக்குக்குள் இருந்து ஒரு கத்தல். பல்லக்கைச் சுமந்த பிள்ளைகள் பதறி இறக்கினார்கள். தளபதி வெளியே வந்தார். வாடகைக்கு எடுத்த சரிகைச் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காலிப் பல்லக்குக்குப் பின்னால் தலைகுனிந்து நடந்தார்.

அதுவும் ஊர்வலத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள் பிள்ளைகள். நாற்பது பேரும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். கொதிக்கிற தார் ரோட்டில் துள்ளித் துள்ளி நடந்தார்கள், பாவிப் பிள்ளைகள். கோதண்டராமன் டம்ளரைக் காலி செய்துவிட்டு உள்ளே போனார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏண்ணே இப்படி மானத்த வாங்கினீங்க?" என்று கேட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடித்தார். மடிப்பு நிற்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டு வாசலில் நின்றார். "சாவி வாங்கப் போவணும். கூட வாங்க டீச்சர், தனியா போவ பயமா இருக்குது" என்றார். போனேன். சாவி கொடுக்க மாட்டேன் என்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டு போனேன்.

கோதண்டராமன் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. இன்னாடா பச்சமுத்து, தளபதி வேஷமெல்லாம் பலமா இருந்துச்சு?"

"தப்புதான் ஐயா."

"நீ பல்லக்குல ஏறப்போறன்னு கேள்விப்பட்டதுமே நெலத்துக்கு வேற ஆளு பாத்துட்டேன். பொய் சொல்லல. ஆனா நேத்து எறங்கி செருப்ப கழட்டுன பாரு, அதோட மனசு எளகிடுச்சு. இந்தா சாவி. இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்."

பச்சமுத்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சேர்த்து வைத்திருந்த சண்டையில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. நான் வாயைத் திறந்தால் அந்தச் சாவி மறுபடி ஆணிக்குப் போய்விடும்.

"காபி சாப்டறீங்களா டீச்சரம்மா?"

"வேணாங்க ஐயா" என்றேன். ஐயா என்று என் வாயும் சொன்னது.

தெருமுனை தாண்டியதும் பச்சமுத்து நின்று, கக்கத்தில் இருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார்.

"டீச்சர், அடுத்த வருசம் உள்ள உக்கார வேற ஆள பாத்துக்குங்க. தூக்கறதுக்குன்னா கூப்புடுங்க, வரேன்."